தாதிப் படிப்புக்கு ஒரு சாட்சி

என் கணவர் ஆமியில் இருந்தார். இந்த வசனத்தை மொன்றியலில் எந்தத் தமிழரிடமும் நான் இரண்டு வருடங்களாகச் சொல்லவில்லை.

பொய்யும் சொல்லவில்லை. "அவருக்கு எங்கை வேலை?" என்று கேட்பவர்களிடம், "ஒரு பெரிய இடத்தில குக்" என்றேன். அது முழு உண்மை. கனடியப் படை பெரிய இடம். அவர் அதில் சமையற்காரர். பெரிய இடம் என்பதை ஹோட்டல் என்று விளங்கிக்கொண்டதும், ஆறு மாதத்துக்குள் அந்த ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்ததும் நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் மக்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் முதலில் ஒப்புநோக்குநராகவும் பிறகு உதவி ஆசிரியராகவும் ஏழு வருடம் இருந்தவள் நான். எழுதாததை வாசகர் வாசித்தால் அதற்குப் பத்திரிகை பொறுப்பல்ல என்று அங்கே சொல்லித்தந்திருந்தார்கள்.

ஒளித்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வந்து "ஆமி" என்றால், அடுத்த கேள்வி "எவ்வளவு தூரத்தில?" என்பதாகத்தான் இருந்தது.

கணவருக்கு இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பது விளங்கவில்லை. ஒன்பது வருடம் உணவகங்களின் பின்பக்கத்தில் சட்டி கழுவியவர் அவர். குடியுரிமை கிடைத்த அடுத்த மாதம் படையில் விண்ணப்பித்தார். முப்பத்துமூன்று வயதில், தன்னைவிடப் பதின்மூன்று வயது குறைந்தவர்களோடு சேற்றில் ஊர்ந்து பயிற்சியை முடித்தார். பல்வைத்தியம், ஓய்வூதியம், சொந்தமாக ஒரு சட்டி ஆகிய மூன்றையும் அவருக்குத் தந்த முதல் முதலாளி கனடிய அரசுதான்.

"நான் சூப் ஊத்துறன், அவ்வளவுதான். இதுக்கேன் இவ்வளவு பயப்பிடுறீர்?" என்பார்.

"அப்ப சூப் எண்டு சொல்லுங்கோ. ஆமி எண்டு சொல்லாதேங்கோ."

சப்பாத்துகளைப் பின்பக்கப் பல்கனியில் பளபளக்கத் தேய்ப்பார். தலைமயிரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒட்ட வெட்டுவார். காற்சட்டை மடிப்பில் நகம் வெட்டலாம். வருடத்தில் இருமுறை காட்டுக்குள் பயிற்சிக்குப் போவார். "வேலையிடத்தால வேறை இடத்துக்கு அனுப்பியிருக்கினம்" என்று நான் சொல்வேன். "கிளைக்குப் போயிருக்கிறாராக்கும்" என்று கேட்டவர்களே மீதியை நிரப்பிக்கொள்வார்கள். தங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு ஐந்து நட்சத்திரப் புரியாணி கேட்டு வந்த ஒரு குடும்பத்தை மட்டும் சமாளிக்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே தடவையில் முந்நூறு பேருக்கு அவித்த உருளைக்கிழங்கு.

நான் அப்போது சென்ட் லோரன்ட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரைப் பெட்டிக்குள் துண்டுப்பிரசுரம் மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷத்தில் அதை வாசித்தேன். ஒரு நாள் ஒரு பிரசுரத்தில் ஒரே மாத்திரைக்கு முன்பக்கம் ஓர் அளவும் பின்பக்கம் வேறோர் அளவும் இருப்பதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் காட்டினேன். பிரசுரம் மாற்றப்பட்டது. "நல்லது, ஆனால் உன் வேலை மடிப்பதுதான்" என்றும் சொல்லப்பட்டது. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தாதியாவது என்று முடிவெடுத்தேன். நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்பதை வாசித்துப் பார்ப்பதற்கே சம்பளம் தருகிற வேலை வேறு எது?

கணவர் முகாமிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தார். படையினரின் துணைவர்களுக்குப் படிப்பு உதவி. தாள் இனிமையாகத் தொடங்கியது. நான்காவது பந்தியில்தான் விஷயம் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருக்கும். உதவி ஒருவருக்கு ஒரு தடவை. ஒரு பாடசாலைக்கு மட்டும். இடையில் விட்டால் அல்லது மாறினால் பிறகு கிடையாது.

இதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. ஒரு முகாமில் ஏறக்குறைய நான்கு வருடம் வைத்திருந்துவிட்டு அடுத்த இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பயிற்சி முடிந்து அவர் இந்த முகாமுக்கு வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. ஆக எனக்கு மிஞ்சியது மூன்று வருடம், ஒரு பாடசாலை, ஒரு தடவை. பிழையானதைத் தேர்ந்தால் மாத்திரைப் பெட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தேன், மூன்றிலும் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்கு நேரும் என்று எதிர்பார்க்காத துன்பம்.

முதலாவது சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்பாடசாலை. இரண்டு வருடத்துக்குள் துணைத் தாதியாக்கிவிடுவார்கள். இரண்டாவது, மெட்ரோவில் போகக்கூடிய தூரத்தில் ஒரு பிரெஞ்சுக் கல்லூரி. மூன்று வருடம், முழுத் தாதி, எல்லாம் பிரெஞ்சில். மூன்றாவது, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஓர் ஆங்கிலக் கல்லூரி. மூன்று வருடம், முழுத் தாதி, எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலம் எனக்கு வரும். பிரெஞ்சை அரசாங்க வகுப்பில் படித்திருந்தேன். வகுப்பில் ஆசிரியை என்னைப் பாராட்டுவார். வெளியே பேக்கரியில் ஒரு பாண் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்வார்கள். சிறுநீரகத்தைப் பிரெஞ்சில் படிப்பதை நினைத்தாலே என் சிறுநீரகம் கலங்கியது.

எங்களுக்குக் கீழ்மாடியில் ஓர் அண்ணை இருந்தார். அறுபதை நெருங்கியவர், யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர், ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பியவரும் அவர்தான். அகதி விசாரணைக்குப் போகிறவர்கள் முதல்நாள் பின்னேரம் அடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய குசினி மேசையில் வந்து இருப்பார்கள். அவர் விதிகளைச் சொல்வார். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. ஆமி, இயக்கம் எண்டு எந்தக் கேள்வி வந்தாலும் 'இல்லை' எண்டு சொல். 'தெரியாது' எண்டு சொல்லாதை, தெரியாது எண்டால் தெரியும் எண்டு நினைப்பினம். இந்த விதிகளால் இந்த நாட்டில் தங்கியவர்கள் பலர். அதனால் அவரோடு யாரும் வாதாடுவதில்லை.

மூன்று பாடசாலை விவரக்கொத்துகளையும் அவரிடம் காட்டினேன். படங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி மூன்று நிறத்தில் மூன்று பெண்கள் ஒரு பொம்மைக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, மாப்பிளை எப்பிடி எண்டு மாப்பிளை வீட்டிலையோ விசாரிக்கிறது?"

"இல்லை அண்ணை."

"பின்னை ஆரிட்டைக் கேக்கிறது?"

"பக்கத்து வீட்டில."

"பக்கத்து வீட்டிலயும் எந்த வீடு? வேலிச் சண்டை இருக்கிற வீடு. அவன் நல்லவன் எண்டு சொன்னால் மாப்பிளை சோக்கான மாப்பிளை. போ, அவங்கடை வேலிக்காரனைப் பிடி."

பத்திரிகையில் இதையே வேறு சொற்களில் சொல்வார்கள். நான் மூன்று சனிக்கிழமைகளை ஒதுக்கினேன்.

தொழிற்பாடசாலையின் வேலிக்காரன் பக்கத்து டயர்க் கடைக்காரர். மாணவர்கள் அவருடைய வளவில் கார் நிறுத்துகிறார்கள் என்பது வழக்கு. பத்து நிமிடம் திட்டினார். "இரண்டு வருடம் இங்கே நிறுத்துகிறார்கள், பிறகு எல்லோருக்கும் வேலை கிடைத்துப் போகிறார்கள், உடனே புதியவர்கள் வருகிறார்கள். ஒருவராவது தோற்றுப்போய் வீட்டில் இருக்கிறார்களா? இல்லை!" என்று முடித்தார்.

பிரெஞ்சுக் கல்லூரிக்கு எதிரே ஒரு டெப்பனர், நாங்கள் மூலைக்கடை என்போமே, அது. கடைக்காரருக்குக் கோபம் வேறு மாதிரியானது. "முதல் வருடம் கோப்பி வாங்கும்போது சிரிப்பார்கள். இரண்டாம் வருடம் கோப்பி வாங்குவார்கள், சிரிக்கமாட்டார்கள். மூன்றாம் வருடம் என் விரலில் இருக்கும் பிளாஸ்டரைப் பார்த்து இது சரியில்லை என்று கழற்றிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். நான் கேட்டேனா?" விரலைக் காட்டினார். கட்டு மிக நேர்த்தியாக இருந்தது.

மேற்கு முனைக்குப் போக மெட்ரோவும் நீண்ட பஸ்ஸும். வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். அங்கே வேலிச் சண்டைக்கே இடமில்லை. தண்ணீர், மரங்கள், பக்கத்தில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வயல், அதில் தொழிலற்றவை போல நிற்கும் பசுக்கள். கடைசியில் பஸ் சாரதியைப் பிடித்தேன். "நல்ல பிள்ளைகள். போகும்போதும் நித்திரை, வரும்போதும் நித்திரை. கடைசித் தரிப்பிடத்தில் நான்தான் எழுப்புவேன்." ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, இங்கேதான் படிப்பது என்று தீர்மானித்தேன். பிறகு அவர்கள் அனுப்பிய கடிதத்தை எடுத்து நான்காவது பந்தியை வாசித்தேன். இந்த வருடம் இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் இடம் உறுதி.

அண்ணையிடம் அறிக்கை கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முதலாவது மாப்பிளைக்கு உத்தியோகம் இருக்கு, படிப்புக் காணாது. ரெண்டாவது நல்ல பெடியன், பாஷைதான் வேறை. மூண்டாவது வெளிநாட்டு மாப்பிளை. வடிவாய் இருப்பார், பேந்து வாறன் எண்டு கடிதம் போடுவார்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"உனக்கு வயசென்ன?"

"முப்பத்திநாலு."

"முதலாவதைக் கட்டு."

பெண்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நான் உதவிப் படிவத்தில் எல்லாக் கோடுகளையும் நிரப்பினேன், பாடசாலையின் பெயர் எழுத வேண்டிய கோட்டைத் தவிர. கமிட்டி கூடும் நாள்வரை அதை நிரப்பலாம் என்று இருந்தது. மிஞ்சியது, குடும்பத்தை அறிந்த, உறவினரல்லாத, சமூகத்தில் மதிப்புள்ள ஒரு சாட்சியின் பெயரும் தொலைபேசி இலக்கமும். அண்ணையின் பெயரை எழுதினேன். "படிப்புக்கு உதவி கேட்டிருக்கிறன், உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பினம்" என்று அவரிடம் சொன்னேன். யார் கொடுக்கும் உதவி என்று அவர் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி என்பது அவருடைய விதிதானே.

அந்தக் கிழமை கணவர் காட்டில் பயிற்சியில் இருந்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அண்ணை படியேறி வந்தார். எங்கள் படிகள் சுழல் படிகள், வெளியே இருப்பவை. அவர் மூட்டுவலிக்காரர், வழமையில் கீழே நின்று கூப்பிடுவார். அன்று மேலே வந்து, கதவைத் தானே சாத்தி, யன்னல் சீலையையும் இழுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். முகத்தில் பெரும் திருப்தி.

"தங்கச்சி, காப்பாத்திப்போட்டன்."

"ஆரை அண்ணை?"

"உன்ரை மனுசனை. இண்டைக்கு ஒருத்தி போன் எடுத்தவள். ஃபிரெஞ்சுக்காரி. நல்ல மரியாதையாய்த் தொடங்கினவள். உன்னைத் தெரியுமோ எண்டாள், ஓம் எண்டன். எத்தினை வருசம் எண்டாள், சொன்னன். பேந்துதான் விஷயத்துக்கு வந்தவள். 'அவவின்ரை கணவர் படையில இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே' எண்டு கேட்டாள். கவனிச்சியே? இருக்கிறாரோ எண்டு கேக்கேல்லை. இருக்கிறது தெரியும்தானே எண்டு கேட்டாள்! எத்தினை பேர் உந்தக் கேள்வியில விழுந்தவை தெரியுமோ?"

நான் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"மடாம், அந்த மனுசன் ஆமியிலும் இல்லை, இயக்கத்திலும் இல்லை, சின்னனில ஸ்கவுட்டில கூட இருக்கேல்லை எண்டன். அவள் விடேல்லை. பயிற்சிக்கெல்லாம் போறவர்தானே எண்டாள். பயிற்சியோ? அவர் ஒரு ஹோட்டல் குக், கத்தி பிடிக்கிறது வெங்காயம் வெட்ட மட்டும் எண்டன். பேந்தும் கேட்டாள், 'நிச்சயமாய் இவருக்குப் படையோடை எந்தத் தொடர்பும் இல்லையோ?' எண்டு. பைபிளில கைவைச்சுச் சத்தியம் பண்ணுறன் எண்டன். 'மெர்சி, மிஸ்யூ' எண்டு வைச்சிட்டாள். முடிஞ்சுது. கேஸ் குளோஸ்."

கேஸ் குளோஸ் என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேதாகமத்தில் சேவல் கூவுமுன் தன் குருவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவரைப் பற்றி ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சனத்துக்கு முன்னால் வாசிப்பவர் அண்ணை. தானும் அதே எண்ணிக்கையில் நிறுத்தியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. சேவல் இல்லாத குறைதான்.

"அண்ணை, அவர் ஆமிதான்" என்றேன்.

அவர் கதிரையில் அசையவில்லை. தலையை மட்டும் சற்றுத் திருப்பி, சீலை இழுத்த யன்னலைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்:

"எந்த ஆமி?"

"கனடா ஆமி, அண்ணை. கனடா ஆமியில குக்."

மூச்சு விட்டார். நீளமான மூச்சு.

"அப்ப ஏன் ஒளிச்சனீ?"

"ஆமி எண்டு சொன்னால் எந்த ஆமி எண்டு ஆரும் கேக்கமாட்டினம்."

"நான் கேட்டன்தானே!"

அது நியாயமான வாதம். மன்னிப்புக் கேட்டேன். அவருக்குப் பயம் போய் இப்போது கோபம் வந்திருந்தது, அதுவும் ஒரு தொழில்காரரின் கோபம்.

"ஒரு சாட்சியிட்டை உண்மையை மறைக்கலாமோ? நீ எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நான் பொய்யை ஒழுங்காய்ச் சொல்லியிருப்பன்!"

"இதில பொய்யே தேவையில்லை, அண்ணை. ஓம் எண்டால் போதும்."

"ஓம் எண்டோ? ஆமியோ எண்டு கேட்டால், ஓம் எண்டோ?" அப்படி ஒரு மறுமொழி இந்த உலகத்தில் இருப்பதை அவரால் நம்ப முடியவில்லை.

மறுநாள் காலை படைக் குடும்பங்களுக்கான அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் அதிகாரி என்னை அழைத்தார். என் கணவர் படையில் இருப்பதில் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். ஆனால் குடும்பத்தை அறிந்தவர் என்று நான் கொடுத்த சாட்சி, மிகுந்த உணர்ச்சியோடு, எதிர்மாறாகச் சொல்லியிருக்கிறார். அது கோப்பில் பதியப்பட்டுவிட்டது. முரண்பாடு உள்ள கோப்பைக் கமிட்டி முன் வைக்க முடியாது. புதிய சாட்சியைக் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அதே சாட்சி எழுத்தில் திருத்தம் தர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம். "பாடசாலையின் பெயரும் இன்னும் வெறுமையாக இருக்கிறது, மடாம்" என்று ஞாபகப்படுத்தினார். அடுத்த வருடம் என்றால் எனக்கு மிஞ்சுவது இரண்டு வருடம். முழுத் தாதியாவது இல்லை.

கீழே போய் அண்ணையிடம் சொன்னேன். மறுத்துவிட்டார்.

"வாக்குமூலத்தை மாத்தினால் கேஸ் சரிஞ்சுபோம், தங்கச்சி. இருபது வருசத்தில ஒருத்தரையும் நான் மாத்த விட்டதில்லை."

"மாத்தாட்டில் என்ரை கேஸ் சரிஞ்சுபோம்."

யோசித்தார். தன்னுடைய விதி ஒன்று தன்னிடமே முட்டிக்கொண்டு நின்ற அனுபவம் அவருக்குப் புதிது. கடைசியில் ஒரு கட்டுத் தாளை எடுத்தார்.

"சரி. பின்னணியிலிருந்து தொடங்குவம். நான் இன்ன வருசம் இன்ன ஊரில பிறந்தன்..."

"அண்ணை, இது அகதி விண்ணப்பம் இல்லை."

"பின்னணி இல்லாமல் ஆர் நம்புவினம்? எங்கடை சனத்துக்கு ஆமி எண்டால் என்ன எண்டு விளக்க நாலு பக்கமாவது வேணும்."

நான் பத்திரிகையில் ஏழு வருடம் திருத்தம் எழுதியவள். திருத்தத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. என்ன பிழை, எது சரி, ஏன் நேர்ந்தது. பெயரடைகள் இல்லை, கண்ணீர் இல்லை, நான்காவது பந்தியே இல்லை. அவருடைய பேனையை வாங்கி, அவருடைய குசினி மேசையில், அந்த அலுவலகத்தின் மொழியான பிரெஞ்சில் மூன்று வசனம் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நான் தந்த பதில் தவறானது. குறிப்பிட்டவர் கனடியப் படையில் சமையற்காரராகப் பணியாற்றுகிறார். கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு வாசித்தார். திரும்ப வாசித்தார். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"பிழை இல்லை" என்றார். "அதுதான் சந்தேகமாய்க் கிடக்கு."

"அப்ப கையெழுத்து வையுங்கோ."

"மூண்டாவது வசனம் வேண்டாம். நான் பிழையாய் விளங்கினன் எண்டு என்ரை கையால எழுதிக் குடுக்கிறதோ? போன் லைன் கிளியர் இல்லை எண்டு போடு."

"லைன் கிளியராய்த்தானே இருந்தது?"

"கிளியராய்த்தான் இருந்தது."

"அப்ப எப்பிடிப் போடுறது?"

"நீ பேப்பரில எப்பிடி இருந்தனீ?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

தபாலை அவர் நம்பவில்லை, தொலைநகலை அதைவிட நம்பவில்லை. ஆள் முகம் காட்டாத கேஸ் வெல்லாது என்றார். வெள்ளிக்கிழமை காலை கோட்டும் சூட்டுமாக, கறுப்பு ஃபைல் ஒன்றோடு படியடியில் நின்றார். தீவின் கிழக்குக்கு மெட்ரோவும் பஸ்ஸும் எடுத்தோம். வழி முழுவதும் கதைத்தார். முகாமின் வேலி தெரியத் தொடங்கியதும் நிறுத்தினார்.

வாசலில் இருபது வயதுக்குமேல் சொல்ல முடியாத ஒரு சிப்பாய், கையில் ஒரு பலகையும் பேனையும். அடையாள அட்டை கேட்டான். அண்ணை தன் சாரதிப் பத்திரம், மருத்துவ அட்டை, குடியுரிமை அட்டை, நூலக அட்டை எல்லாவற்றையும் ஒரே தடவையில் நீட்டினார். நீட்டாத மற்றக் கை தோள் உயரத்துக்கு எழும்பி, உள்ளங்கை முன்னால் தெரிய நின்றது. அது எழும்பியது அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் பூமரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிப்பாய் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "போன்ஜூர், மிஸ்யூ. இரண்டாவது கட்டிடம், வலப்பக்கம். கோப்பி உள்ளேயே இருக்கிறது."

உள்ளே இருபது அடி நடந்த பிறகு அண்ணை கேட்டார்:

"கோப்பி எண்டவனோ?"

"ஓம் அண்ணை."

"ஏன்?"

"சும்மா அண்ணை. குடிக்க."

அவர் கோட்டின் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டார்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண், சிறிய அறை, மேசையில் மூன்று அடுக்குக் கோப்புகள். அண்ணையைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். "ஸ்கவுட்டிலும் இல்லை என்று சொன்னவர் நீங்கள்தானே?" என்றார். அண்ணை கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொன்னார்: "ஓம்."

கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே வாசித்தார். மூன்று வசனத்துக்கு அதிக நேரம் ஆகாது. தலையை ஆட்டி, திகதி முத்திரை குத்தி, கோப்பில் செருகினார். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கவில்லை. ஆங்கிலத்துக்கும் மாறவில்லை.

"இதை எழுதியது யார்?"

அண்ணை வாயைத் திறந்தார். பிறர் சார்பில் எழுதியதைச் சம்பந்தப்பட்டவரே எழுதியதாகச் சொல்வது அவருக்கு இருபது வருடப் பழக்கம். அவருக்குள் நடந்த போராட்டத்தை நான் கண்டேன்.

"இவ" என்றார். "நான் கையெழுத்து மட்டும்தான். இதுக்கும் எழுத்தில வேணுமெண்டால் தாறன்."

"தேவையில்லை" என்றார் அதிகாரி. "எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் இப்படி இருந்தால் நான் நாலு மணிக்கு வீட்டுக்குப் போவேன்." பிறகு என் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி, வெறுமையான கோட்டில் விரலை வைத்தார். "இது மட்டும்தான் குறை. பன்னிரண்டு மணிக்கு நான் இவற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும்."

சுவர் மணிக்கூட்டில் பதினொன்றரை. அரை மணித்தியாலம் யோசிக்கலாம் என்று அவர் கதிரையைக் காட்டினார். நான் இருந்தேன். டயர்க் கடைக்காரரின் சாட்சியத்தையும் பஸ் சாரதியின் சாட்சியத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டிலும் குறை இல்லை, ஆனால் ஒன்று துணைத் தாதியோடு நிற்கும், மற்றது ஒரு வருடம் பிந்தித் தொடங்கும். பிரெஞ்சுக் கல்லூரிக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே சாட்சி நான்தான். அந்தச் சாட்சி சற்று முன் இந்த மேசையில் முத்திரை குத்தப்பட்டுப் பொய்யாகியிருந்தது. பாண் கேட்டு வாங்க முடியாத மொழியில் ஒரு கேஸை வென்றிருந்தேன். பாணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பின்னேரம் கமிட்டி கூடி உதவியைத் தந்தது. அண்ணை ஞாயிறு பூசைக்குப் பிறகு, எவரும் கேட்காமலேயே, என் கணவர் கனடியப் படையில் உயர்ந்த பதவியில் இருப்பதாகவும் அதைத் தான் நேரில் போய் உறுதிப்படுத்தியதாகவும் அறிவித்தார். ஐந்து நட்சத்திரங்களும் ஹோட்டலிலிருந்து தோளுக்கு மாறின. அதைத் திருத்த நான் முயலவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த அறையில், பதினொன்றே முக்காலுக்கு, நான் பேனையை எடுத்தேன்.

"ஒரு விஷயம்" என்றார் அதிகாரி. "எழுதிவிட்டால் மாற்ற முடியாது. தெரியும்தானே?"

தெரியும் என்றேன்.

அண்ணை என் காதுப்பக்கம் குனிந்தார். அவருடைய கோட்டில் கற்பூர உருண்டை மணத்தது.

"பென்சிலால எழுது" என்றார்.

கல்லூரியின் பெயரில் அதற்குள் பாதி மையில் இருந்தது.